நல்லூர்க் கோபுரத்தை மூழ்கடிக்காமல் காலநிலைக் கதை எழுதுவது எப்படி

காலநிலை மாற்றத்தைப் பற்றி விஞ்ஞானப் புனைகதை எழுதுங்கள் என்று யாழ்ப்பாணத்தில் யாரிடமாவது பேனையைக் கொடுத்தால், முதல் பக்கத்திலேயே கடல் ஊருக்குள் வந்துவிடும். இரண்டாம் பக்கத்தில் நல்லூர்க் கோபுரத்தின் கலசங்கள் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரியும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். என் முதல் கதையில், 2080ஆம் ஆண்டு, ஒரு பெடியன் தன் வள்ளத்தை மணிக்கூட்டுக் கோபுரத்தின் உச்சியில் கட்டிவிட்டுத் தூண்டில் போடுவான். எழுதும்போது வடிவாகத்தான் இருந்தது. புவியியல் படிப்பிக்கும் நண்பர் ஒருவர் வாசித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "கடல் எத்தனை மீற்றர் உயர்ந்தது?" நான் அதை யோசிக்கவேயில்லை.

ஆய்வாளர்கள் கண்டதைக் கதையாக்கிச் சனங்களிடம் கொண்டுபோக விரும்பி, எங்கே தொடங்குவதென்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எழுத்தாளராக இருக்கத் தேவையில்லை. ஆசிரியர், பல்கலைக்கழக மாணவர், விவசாயப் போதனாசிரியர், வானொலிக்கு நாடகம் எழுதிப் பார்க்க நினைப்பவர் என்று யாருக்கும் இது பொருந்தும்.

ஓர் ஆய்வு முடிவு போதும்

காலநிலை மாற்றம் முழுவதையும் ஒரு கதைக்குள் அடைக்கப் பார்க்காதீர்கள். ஒரே ஓர் ஆய்வு முடிவை எடுத்துக்கொள்ளுங்கள். ஐ.பி.சி.சி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஐ.நா.வின் காலநிலைக் குழு 1988 முதல் இயங்குகிறது. அதன் ஆறாவது மதிப்பீட்டின் முதற்பகுதி 2021 ஓகஸ்டில் வந்தது. முழு அறிக்கை ஆளை அடிக்கும் பருமன். அதன் தொடக்கத்தில் இருக்கும் சுருக்கத்தை ஒரு வார இறுதியில் வாசித்துவிடலாம். உள்ளூர் ஆய்வுகளுக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குப் போகலாம். குடாநாட்டின் நிலத்தடி நீரைப் பற்றி அங்கே பல காலமாக வேலை நடக்கிறது.

எடுத்த முடிவை ஒரு தாளில் எழுதுங்கள். எண் என்ன, அதன் கீழ் எல்லையும் மேல் எல்லையும் என்ன, எந்த நிபந்தனையில், எவ்வளவு உறுதியாகச் சொல்கிறார்கள் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். என் மூழ்கிய ஊருக்கு அந்தத் தாள் இப்படி இருந்திருக்கும்: 1995 முதல் 2014 வரையான சராசரியோடு ஒப்பிட்டால், 2100இல் உலகக் கடல்மட்டம், புவியைச் சூடாக்கும் வாயுக்களின் வெளியேற்றத்தை மிக வேகமாகக் குறைத்தால் 0.28 முதல் 0.55 மீற்றரும், மிக அதிகமாக வெளியேற்றினால் 0.63 முதல் 1.01 மீற்றரும் உயரக்கூடும். பனிப்பாளங்கள் எதிர்பாராத வேகத்தில் உடைந்தால் 2 மீற்றரை நெருங்குவதையும் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அதைக் குறைந்த உறுதியோடுதான் சொல்கிறார்கள். இந்தத் தாளை முன்னால் வைத்துப் பார்த்தால் என் பெடியனின் வள்ளம் தரைதட்டி நிற்கிறது.

இங்கே தமிழில் எழுதுபவர்களுக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. நமக்கு ‘லாம்’ என்று ஒரு விகுதி இருக்கிறது. மழை வரலாம், கிணறு வற்றலாம், உலகம் அழியலாம். பத்துக்கு ஒன்று என்ற வாய்ப்புக்கும் பத்துக்கு ஒன்பது என்ற வாய்ப்புக்கும் அதே ‘லாம்’தான். ஐ.பி.சி.சி. அறிக்கையிலோ ஒவ்வொரு சொல்லுக்கும் அளவு உண்டு: ஒரு சொல் நூற்றுக்கு 66க்கு மேல் வாய்ப்பு என்பதையும், இன்னொன்று 90க்கு மேல் என்பதையும் குறிக்கும். அறிக்கையின் சொல்லை ‘லாம்’ ஆக்கினால் அந்த அளவு காணாமற் போய்விடும். அதனால் கதைமாந்தரின் வாயில் எண்களைக் கொடுத்துப் பாருங்கள். "மூண்டு வருசத்தில ரெண்டு வருசம் இப்பிடித்தான் வரும்" என்று ஒரு தோட்டக்காரர் சொல்வது இயல்பாகவும் இருக்கும், ‘லாம்’ மறைப்பதைக் காட்டிக்கொடுக்கவும் செய்யும்.

எண்களைக் குடத்தில் ஊற்றிப் பாருங்கள்

கடல் வீதிக்கு வருமுன் கிணற்றுக்கு வந்துவிடும். யாழ்ப்பாணத்துக்காரர் கையில் எடுக்க இதைவிடப் பொருத்தமான ஆய்வுப்பொருள் இல்லை என்பது என் எண்ணம். அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் நேரம் எடுக்கிறேன்.

குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். வருடம் முழுவதும் ஓடும் ஆறு நமக்கு இல்லை. வழுக்கையாறும் மாரிக்கு மட்டும்தான். மழைநீர் கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புநீரின் மேலே மிதக்கிறது. நன்னீரைவிடக் கடல்நீர் சிறிது பாரம் கூடியது. ஆயிரத்துக்கு இருபத்தைந்து பங்கு கூட. அந்தச் சிறு வித்தியாசத்திலிருந்து ஒரு கணக்கு வருகிறது: கிணற்று நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ நாற்பது மீற்றர் ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். இதைத் திருப்பிப் போட்டால்தான் கதை வரும். நீர்மட்டம் பத்துச் சென்ரிமீற்றர், ஒரு சாண் கூட இல்லை, இறங்கினால் அடியில் இருக்கும் உப்பு நாலு மீற்றர் மேலே வரப் பார்க்கும். நம் கல்லில் குகையும் வெடிப்பும் அதிகம் என்பதால் கணக்கு எல்லா இடத்திலும் அச்சொட்டாக வராது. ஆனால் புத்தூர் நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்களுக்கு மேலே நன்னீர், ஆழத்தில் உப்பு என்பது புதிய செய்தியல்ல.

இப்போது குடத்துக்கு வருவோம். ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 19 கிராம் குளோரைட் இருக்கிறது. குடிநீரில் அது லீற்றருக்கு 250 மில்லிகிராமைத் தாண்டும்போது நாக்குக்குத் தெரியத் தொடங்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெருக்கிப் பாருங்கள்: நூறு குடத்தில் இரண்டு குடம் கடல்நீர் கலந்தால் 380 மில்லிகிராம். நூற்றுக்கு இரண்டு குடம், அவ்வளவுதான், தேத்தண்ணி கெட்டுவிடும். எந்த எண்ணை எடுத்தாலும் இந்த வேலையைச் செய்யுங்கள். சாண், குடம், ஒரு தறை வெங்காயத்துக்கு இறைக்கும் நேரம் என்று வீட்டு அளவுக்கு வந்த பிறகுதான் அது கதைக்குள் நுழைய வேண்டும்.

கற்பனை ஒன்று, அதற்கு மேல் வேண்டாம்

புதியவர்கள் பறக்கும் ஓட்டோ, பேசும் ரோபோ, செவ்வாயில் குடியேற்றம் எல்லாவற்றையும் ஒரே கதைக்குள் ஏற்றுவார்கள். காலநிலை ஆய்வைச் சொல்ல வந்த கதையில் அது ஆய்வைப் புதைத்துவிடும். இல்லாத ஒன்றை மட்டும் புகுத்துங்கள். மற்றதெல்லாம் இன்றைய ஊர் மாதிரியே, படலை கூட அதே கிறீச்சிடலோடு இருக்கட்டும்.

இரண்டாவது கதையில் என் கற்பனை ஒரு பெட்டி. 2061இல் ஒவ்வொரு கிணற்றுக் கட்டிலும் அதைப் பூட்டச் சொல்லிச் சட்டம் இருக்கிறது. உப்பு ஓர் அளவைத் தாண்டியதும் மோட்டரை அது நிறுத்திவிடும். நீரின் உப்பைக் காட்டும் கருவி இப்போதே கடைகளில் கிடைக்கிறது. சட்டம் மட்டும்தான் கற்பனை. இதற்கு நான் முதலில் எழுதிய பந்தி:

"அம்மம்மா, புவி வெப்பமடைவதால் கடல்மட்டம் உயர்ந்து, நிலத்தடி நன்னீர் குறைந்து, எமது கிணறு உவர்நீராகிவிட்டது," என்றாள் நிலா.

எந்தப் பேத்தி அம்மம்மாவோடு இப்படிக் கதைப்பாள்? கிழித்துவிட்டுத் திரும்ப எழுதினேன்:

அம்மம்மா ஒரு மிடறு குடித்துவிட்டுப் பேணியைக் கீழே வைத்தாள்.

"என்ன பிள்ளை, சீனிக்குப் பதிலா உப்பைப் போட்டிட்டியோ?"

"இல்லை அம்மம்மா, சீனிதான்."

"அப்ப பால் திரைஞ்சு போச்சே?"

"பால் விடேல்லை. பிளேன்ரீ."

கிணற்றடியில் பெட்டி ‘டிக்’ என்றது. மோட்டர் நின்றுவிட்டது. நிலா கலண்டரைப் பார்த்தாள். புரட்டாசி பதினொன்று. போன வருடம் இருபத்திமூன்று வரைக்கும் ஓடியது.

விளக்கம் ஒன்றும் இல்லை. ஆனால் உப்பு முதலில் தெரிவது நாக்கில், அது கோடையின் கடைசியில் வருகிறது, வருடத்துக்கு வருடம் முந்திக்கொண்டு வருகிறது என்ற மூன்றும் உள்ளே போய்விட்டன. வாசகர் ‘பன்னிரண்டு நாள்’ என்று தானே கழித்துப் பார்த்தால் உங்கள் வேலை முடிந்தது.

வேகத்தில் ஏமாற்றாதீர்கள். 2004இல் வந்த ஹொலிவூட் படம் ஒன்றில் அத்திலாந்திக் கடல் நீரோட்டம் நின்றுபோய், சில நாட்களுக்குள் நியூயோர்க் உறைந்துவிடும். அந்த நீரோட்டம் பலவீனமடைவது மெய்யான ஆய்வுப்பொருள். நாட்கணக்கில் நகரம் உறைவது மெய்யல்ல. பல பத்தாண்டுகளில் நடப்பதைக் காட்ட வேண்டுமென்றால் மூன்று தலைமுறையை ஒரே கிணற்றடியில் நிறுத்துங்கள், அல்லது ஒரு பழைய டயறியைக் கொண்டுவாருங்கள்.

மாதத்தையும் காற்றையும் விசாரியுங்கள்

மேலே புரட்டாசி என்று இருக்கிறதே, முதல் பிரதியில் அது மார்கழி. குளிர், மூட்டம், திருவெம்பாவைச் சங்கு என்று எனக்குக் காட்சி பிடித்திருந்தது. வலிகாமத்தில் ஒரு வாசிகசாலையில் அதை வாசித்தபோது, பின் வாங்கிலில் இருந்த வெங்காயத் தோட்டக்காரர் ஒருவர் கையை உயர்த்தினார்.

"தம்பி, மார்கழியில எந்தக் கிணறு உவர்க்கும்? அப்ப கிணறு வாய்முட்ட நிக்குமே!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு வழியில்லை. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மழைதான் நம் கிணறுகளை நிரப்புகிறது என்பது எனக்குத் தெரியாததல்ல, எழுதும்போது மறந்துவிட்டேன். வாசிப்பு முடிந்ததும் அவர் இன்னொன்றும் சொன்னார். காலமை இறைக்கும்போது தண்ணீர் நல்லாயிருக்கும், இரண்டு மணித்தியாலம் மோட்டர் ஓடினால் வாய் கரிக்கத் தொடங்கும், நிற்பாட்டி இரவு முழுக்க ஊறவிட்டால் திரும்பச் சரியாகும். வேகமாக இறைக்கும்போது கிணற்றின் நேர்கீழே உப்புநீர் கூம்பு மாதிரி மேலெழும் என்று புத்தகங்கள் சொல்வதை அவர் தன் நாக்கால் அறிந்து வைத்திருந்தார். ‘ஊறவிடுறது’ என்ற அந்தச் சொல் இப்போது கதையின் நடுவில் இருக்கிறது.

ஆகவே எழுதுமுன் இரண்டு பேரையாவது விசாரியுங்கள். தோட்டக் கதை என்றால் தோட்டக்காரர். கடல் கதை என்றால் குருநகரிலோ மயிலிட்டியிலோ தொழிலுக்குப் போகும் ஒருவர். சோளகம் எப்போது எழும்பும், வாடை எப்போது திரும்பும், எந்தக் காற்றுக்கு வள்ளம் இறக்கமாட்டார்கள் என்பதில் நீங்கள் பிழை விட்டால், ஐ.பி.சி.சி. எண்ணைச் சரியாக எழுதியிருந்தாலும் அவர் நம்பமாட்டார். நம்பவும் கூடாது.

எல்லாப் பழியையும் காலநிலையின் தலையில் போட வேண்டாம்

இன்று நம் கிணறுகள் சில உவர்ப்பதற்குப் பெரிய காரணம் அளவுக்கு மிஞ்சி இறைப்பது. நீரில் நைத்திரேற்று ஏறுவதற்கு உரமும் மலசலகூடக் குழிகளும் காரணம். கடல் உயர்வதும் மழை தாறுமாறாவதும் இந்தப் பழைய நோய்களின் மேல் வந்து ஏறும் சுமை. கதையில் இந்த வித்தியாசம் தெரியவேண்டும். அடுத்த வளவுக்காரர் நாள்முழுக்க மோட்டரை ஓடவிடுவதும், தூரத்தில் எங்கோ பனி உருகுவதும் ஒரே கிணற்றில் சந்திப்பது, வில்லன் ஒருவனை வைத்து எழுதுவதைவிட எவ்வளவோ நல்ல கதை.

புயலிலும் இந்தக் கவனம் தேவை. 2008 நவம்பரில் நிஷா கொண்டுவந்த வெள்ளத்தையோ 2020 டிசெம்பரில் புரெவி கொண்டுவந்ததையோ காட்டி ‘இது காலநிலை மாற்றத்தால் வந்தது’ என்று ஒரு பாத்திரம் தீர்ப்புச் சொன்னால், அது ஆய்வாளர் சொல்லாத தீர்ப்பு. வெப்பம் ஒரு பாகை கூடினால் காற்று ஏறத்தாழ 7 வீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும், அதனால் பெய்யும்போது கொட்டிப் பெய்ய வாய்ப்புக் கூடும் என்று சொல்லலாம்.

சுனாமியைத் தொடவே வேண்டாம். அது நிலநடுக்கத்தால் வந்தது. காலநிலைக்கும் அதற்கும் தொடர்பில்லை. அதைவிட முக்கியம், வடமராட்சி கிழக்கில் 2004இல் வீட்டில் ஆட்களைப் பறிகொடுத்தவர்கள் உங்கள் வாசகர்களாக இருப்பார்கள். ராட்சத அலை அவர்களுக்குப் புனைகதை அல்ல. ‘இடப்பெயர்வு’ என்ற சொல்லும் அப்படித்தான். போரில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த 1995ஐ நடந்து கடந்தவர்களுக்கு முன்னால் ‘காலநிலை அகதிகள்’ என்று அலட்சியமாக எழுதிவிட்டுப் போகமுடியாது. எழுதவேண்டுமென்றால் அந்த அனுபவம் உள்ள ஒருவரிடம் முதலில் காட்டுங்கள்.

ஆய்வாளரிடம் போகும்போது

முழுக் கதையையும் அனுப்பாதீர்கள். அவர்களுக்கு நேரம் இல்லை. நேரம் இருந்தாலும் உங்கள் நடையைப் பற்றித்தான் ஏதாவது சொல்வார்கள். கதையில் அறிவியல் தங்கியிருக்கும் ஐந்து வசனங்களை மட்டும் பிரித்தெடுத்து அனுப்புங்கள். ‘இது நடக்குமா?’ என்று கேட்டால் ‘சொல்லமுடியாது’ என்று பதில் வரும், அத்தோடு கதவு மூடிவிடும். ‘இது நடப்பதென்றால் அதற்கு முந்தின பத்து வருடத்தில் என்னென்ன நடந்திருக்கும்?’ என்று கேளுங்கள். மனுசர் கதைக்கத் தொடங்கிவிடுவார். என் பெட்டியைப் பற்றி இப்படிக் கேட்டபோது, சட்டம் வருமுன் கிணறு பங்கிடும் சண்டைகள் வந்திருக்கும் என்று ஒருவர் சொன்னார். கதையின் பாதி அந்தப் பதிலில் இருந்து வந்தது.

பயமுறுத்தினால் என்ன நடக்கும்?

மத்தியூ ஷ்னைடர்-மேயர்சன் என்ற ஆய்வாளர் காலநிலைப் புனைகதை வாசித்த 161 அமெரிக்கர்களிடம் விசாரித்து 2018இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். எதிர்காலத்தைக் கண்ணால் கண்ட மாதிரி இருந்ததாகப் பலர் சொன்னார்கள். ஆனால் மனதில் மிஞ்சியது பெரும்பாலும் கவலையும் கையாலாகாத்தனமும். வாசித்தவர்களும் ஏற்கெனவே அக்கறை உள்ளவர்களாகவே அதிகம் இருந்தார்கள். 2020இல் அவரும் வேறு சிலரும் செய்த பரிசோதனையில், கதை வாசித்த உடனே எண்ணங்கள் சிறிது மாறின. ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது அந்த மாற்றம் தேய்ந்துபோயிருந்தது. ஒரு கதையால் ஊர் திருந்திவிடும் என்று எதிர்பார்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அதே கிணற்றடியை வைத்து மூன்று நான்கு சிறு கதைகளாக, மாதத்துக்கு ஒன்றாகக் கொடுப்பது மேல்.

கையாலாகாத்தனத்துக்கு மருந்து, பாத்திரங்களின் கையில் ஒரு வேலையைக் கொடுப்பது. பீலித் தண்ணீரைத் தொட்டியில் பிடிக்கட்டும், குளத்தைத் தூர்வாரட்டும், இறைக்கும் நேரத்தை ஒழுங்கைக்கு ஒழுங்கை பங்கிடட்டும். பெரிய வேலை வேண்டுமென்றாலும் கடன் வாங்க வெளியே போகத் தேவையில்லை. ஆனையிறவுக் கடல்நீரேரியை நன்னீர் ஏரியாக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியாக வடமராட்சி, உப்பாறு நீரேரிகளுக்குக் கொண்டுவந்து, தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணை போட்டுக் கடலை வெளியே நிறுத்துவது என்று ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ திட்டத்தைப் பொறியியலாளர் ஆறுமுகம் வரைந்தார். அது முழுமை பெறாமலே இன்றும் பேச்சில் இருக்கிறது. வேறு நாட்டுக்காரர் இதை எழுதியிருந்தால் நல்ல விஞ்ஞானப் புனைகதை என்று சொல்லியிருப்போம்.

எழுதியதை வாசித்துக் காட்டுங்கள்

அச்சில் போடுமுன் ஒரு சனசமூக நிலையத்திலோ பள்ளிக்கூடத்திலோ வாசியுங்கள். பதினைந்து நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. பிளேன்ரீயும் வடையும் இருந்தால் இருபது நிமிடம் வரை பொறுப்பார்கள். முடிந்ததும் ‘எப்படி இருந்தது?’ என்று கேட்காதீர்கள், ‘நல்லாயிருந்தது’ என்றுதான் வரும். ‘இதில் எது உண்மை, எது நான் கட்டியது?’ என்று கேளுங்கள். நாற்பதுக்கு ஒன்று என்ற கணக்கைக் கற்பனை என்றும், பெட்டிச் சட்டத்தை உண்மை என்றும் யாராவது சொன்னால் திருத்த வேண்டியது கதையைத்தான். அதற்குப் பிறகும் கதையின் அடியில் நாலைந்து வரி போடுங்கள்: இவை ஆய்வில் உள்ளவை, இது ஒன்று மட்டும் என் கற்பனை. வட்ஸ்அப்பில் பாதி வெட்டுப்பட்டு ஓடும் காலம் இது. அந்த வரிகளைக் கதையோடு ஒரே பக்கத்தில் வையுங்கள்.

திருத்திய பிரதியை அதே வாசிகசாலையில் போன மாதம் மறுபடி வாசித்தேன். வெங்காயத் தோட்டக்காரர் புரட்டாசிக்குத் தலையாட்டினார். முன்வரிசையில் இருந்த ஓர் ஆச்சி மட்டும் எழும்பாமல் இருந்தார்.

"அது சரி, மோட்டர் நிண்டு போச்சு. அந்தப் பிள்ளை பிறகு ஆற்ற கிணத்தில போய் அள்ளினவள்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த ஒழுங்கையில் உள்ள கிணறுகளைப் படம் போட்டு, எதெது எந்த மாதத்தில் உவர்க்கிறது என்று இப்போது வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு திரிகிறேன். இதுவரை ஒன்பது வீடு முடிந்திருக்கிறது.